ராத்திரி எங்கே தங்கப் போகிறீர்கள்?

பாப்பா,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தை முழுவதும் படித்தேன். ஆஸ்டினில் கிளம்பி யெல்லோஸ்டோன் போய்த் திரும்பும் வரை எந்த நாளில் எதைப் பார்ப்பது, எந்த ஊரில் என்ன வாங்கித் தருவது என்று பிள்ளைகளின் ஆசைகளைக்கூட விடாமல் எழுதியிருக்கிறாய். ஆனால் ஒவ்வொரு நாளின் கடைசி வரியும் ‘ஏதாவது ஒரு ஆர்.வி. பார்க்’ என்றே முடிகிறது. அந்தக் கடைசி வரிக்காகத்தான் பெரியம்மா இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஃபோனில் சொன்னால் பாதி காதில் விழாது, மீதி மறந்துபோகும்.

ஓய்வு பெற்ற பிறகு நானும் உன் பெரியப்பாவும் இந்த நாட்டை இப்படிப்பட்ட, படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள ஆர்.வி. வண்டியில்தான் சுற்றினோம். அவர் ஓட்டுவார். அன்றைய இரவுக்கு இடம் பார்ப்பது என் வேலை. அந்த வேலையில் நான் தெரிந்துகொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்: பயணத்தை ராத்திரியிலிருந்து பின்னோக்கித்தான் திட்டமிட வேண்டும். இன்று எங்கே படுக்கப் போகிறோம் என்று காலையிலேயே முடிவாகிவிட்டால் பகல் தானாக நிதானமாகிவிடும். வழியில் ஆற்றைப் பார்த்துவிட்டுச் சின்னவன் இறங்கணும் என்றால், “சரி, இறங்கு” என்று சொல்ல மனசு வரும். இடம் முடிவாகாத நாளில் பிற்பகல் ஆக ஆக வண்டிக்குள் பேச்சு குறைந்துவிடும். ஓட்டுகிறவர் சிடுசிடுப்பார். ஃபோனில் தேடுகிறவருக்குத் தலை வலிக்கும். பிள்ளைகள் எதற்கென்று தெரியாமல் திட்டு வாங்குவார்கள். நல்ல குடும்பங்கள்கூட அந்த நேரத்தில் சண்டை போடுவதைக் கேம்ப்கிரவுண்ட் வாசல்களில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

ஆர்.வி.காரர்கள் மூன்று-மூன்று-மூன்று என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு நாளில் 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, பிற்பகல் 3 மணிக்குள் போய்ச் சேர், போன இடத்தில் 3 ராத்திரி தங்கு. கடைசி மூன்று எல்லா இடத்திலும் ஒத்துவராது. முதல் இரண்டையும் பிடித்துக்கொள். நீ திட்டத்தில் ஒரு நாளைக்கு 550 மைல் போட்டிருக்கிறாய். காரில் அது முடியும். முப்பதடி வண்டியில், பின்னால் கப் அண்ட் சாஸர் கிலுகிலுக்க, மலையேற்றத்தில் லாரிகளோடு சேர்ந்து ஊர்ந்துகொண்டு போனால் அது ஆளைக் கொன்றுவிடும். அதிலும் வயோமிங் காற்று இருக்கிறதே, அதைப் பட்டவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஐ-80, ஐ-25 நெடுஞ்சாலைகளில் காற்று அடிக்கும் நாளில், உயரமான, எடை குறைந்த வண்டிகள் போகக் கூடாது என்று சாலையோர மின்பலகையிலேயே போட்டுவிடுவார்கள். போட்டுவிட்டால் பேசாமல் நின்றுவிட வேண்டும். அப்படி நிற்பதற்கும் பக்கத்தில் ஓர் ஊர், ஓர் இடம் உன் தாளில் இருக்க வேண்டும்.

மூன்று மணி ஏன் என்று மாப்பிள்ளை கேட்பார். வெளிச்சத்தில் போனால்தான் இடத்தைப் பார்க்க முடியும். மரக்கிளை எவ்வளவு தாழ்ந்து தொங்குகிறது, தரை எந்தப் பக்கம் சரிகிறது, கரண்ட் பெட்டி எந்தப் பக்கம் இருக்கிறது, பின்னால் பாறை ஏதாவது துருத்திக்கொண்டிருக்கிறதா என்பதெல்லாம் ஹெட்லைட்டில் தெரியாது. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது நீ இறங்கி நிற்க வேண்டும். ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் உன் முகம் தெரிகிற இடத்தில் நில். உன்னைக் காணவில்லை என்றால் அடுத்த நொடியே அவர் பிரேக் போட வேண்டும் என்று இருவரும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கையசைவுகளை நான்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்: வா, நில், இடது, வலது. அந்த நேரத்தில் பிள்ளைகள் இருவரும் உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மேஜையருகே நிற்கட்டும். இந்த ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பானவள். முதல் பயணம் என்பதால், முன்பதிவு செய்யும்போது ‘புல்-த்ரூ’ இருக்கிறதா என்று பார். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே போகலாம், பின்னால் எடுக்கும் வேலையே இல்லை.

இனி இடங்களைப் பற்றி. தனியார் பார்க் தவிர வேறு எதுவும் உன் கண்ணில் படவில்லை என்று நினைக்கிறேன். அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். 1962இல் மொன்டானாவின் பில்லிங்ஸில், யெல்லோஸ்டோன் ஆற்றங்கரையில் தொடங்கியதுதான் கே.ஓ.ஏ. என்ற தனியார் பார்க் நிறுவனம். அந்த வருஷம் சியாட்டிலில் உலகக் கண்காட்சி. அதற்குக் காரில் போகிறவர்கள் வழியில் தங்க இடம் தேடித் தவிப்பதைப் பார்த்து ஆரம்பித்தார்கள். வெந்நீர்க் குளியல், சுத்தமான கழிப்பறை, ஒரு சின்னக் கடை, இரவுக்கு 1.75 டாலர். இன்றைக்கும் அவர்கள் விற்பது அந்த நிம்மதியைத்தான். வாரத்தில் ஒரு நாள், துணி துவைக்க, தலைக்குக் குளிக்க, பிள்ளைகள் நீச்சல் குளத்தில் கிடக்க அப்படி ஒரு இடம் வேண்டும். விலை மட்டும் ஜூலை மாதத்தில் யெல்லோஸ்டோன் பக்கம் ஹோட்டலைத் தொட்டுவிடும். வண்டிகளும் கல்யாண மண்டபப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி தோளோடு தோள் உரசித்தான் நிற்கும்.

என் மனசுக்குப் பிடித்தவை ராணுவப் பொறியாளர் பிரிவின் இடங்கள், ஆர்மி கோர் ஆஃப் எஞ்சினியர்ஸ். பேரைப் பார்த்து நம் ஆட்கள் ஒதுங்கிப் போய்விடுகிறார்கள். வெள்ளத் தடுப்புக்காக அவர்கள் நாடெங்கும் அணைகள் கட்டினார்கள். அணை கட்டினால் ஏரி வரும், ஏரியைச் சுற்றி நிலம் வரும், அந்த நிலத்தில் கேம்ப்கிரவுண்ட் வரும். ஒரு வண்டிக்கென்று ஒதுக்கும் சைட் ஒவ்வொன்றும் விசாலமாக, நிழலோடு, தண்ணீரைப் பார்த்தபடி இருக்கும். உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஜார்ஜ்டவுன் ஏரி இருக்கிறது, கொஞ்சம் வடக்கே போனால் ஸ்டில்ஹவுஸ் ஹாலோ, பெல்ட்டன், வேக்கோ, எல்லாமே அவர்களுடையதுதான். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் அதே மாதிரி வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு ஜார்ஜ்டவுன் ஏரியில் சனி, ஞாயிறு தங்கிப் பாருங்கள். எந்தக் குழாய் எதில் மாட்டும், எந்தச் சுவிட்ச் எதற்கு, உன் அம்மாவால் அந்தப் படியில் ஏறி இறங்க முடிகிறதா என்பதெல்லாம் வீட்டுக்குப் பக்கத்தில் தெரிந்துவிட்டால் நல்லது. நடு வயோமிங்கில் தெரிந்துகொள்ள வேண்டாம்.

மாநிலப் பூங்காக்களும் நல்லவை. வழியில் அமரில்லோ பக்கத்தில் பாலோ டுரோ பள்ளத்தாக்கு இருக்கிறது. பிள்ளைகளுக்கு அந்தச் சிவந்த பாறைகளைக் காட்டாமல் போகாதே. ஆனால் உள்ளே இறங்கும் சாலை 10 சதவீதச் சரிவு. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கக் கூடாது. கியரைக் குறைத்து இன்ஜினைக் கொண்டே வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் சொல். இவை தவிர, கன்சாஸ், நெப்ராஸ்கா, டகோட்டா பக்கத்துச் சிற்றூர்களில் ஊர்ப் பூங்காவின் ஓரத்தில் நாலைந்து ஆர்.வி.களுக்கு கரண்டும் தண்ணீரும் கொடுத்து, ஓர் உண்டியலை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். எந்த விளம்பரத்திலும் இவை வராது. அந்த ஊர் பெட்ரோல் பங்கில் கேட்டால் சொல்வார்கள். அந்தச் சிற்றூர்களின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. சாயங்காலம் யாராவது ஒருவர் நாயைக் கூட்டிக்கொண்டு நடந்து வருவார், எங்கிருந்து வருகிறீர்கள் என்பார், காலையில் தோட்டத்துத் தக்காளி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்.

மத்திய அரசின் இடங்களில் பெரும்பாலானவற்றை ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். பல இடங்களுக்கு ஆறு மாதம் முன்பு கதவு திறக்கும், பேர்போன பூங்காக்களின் இடங்கள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். நீ தாமதம்தான். அதற்காகக் கைவிடாதே. ஆறு மாதம் முன்னால் ஆசைப்பட்டுப் பதிந்தவர்கள் பயணத் தேதி நெருங்கும்போது ரத்து செய்வார்கள். காலையில் காபி போடும்போது ஒரு தடவை, ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை பார். வெள்ளி, சனி கிடைக்காது. ஞாயிறு முதல் புதன் வரை கிடைக்கும். உன் திட்டத்தின் கிழமைகளை அதற்குத் தக்கபடி மாற்று, இடத்தை மாற்றாதே.

பதிவு செய்யும்போது வண்டியின் நீளத்தைக் கேட்பார்கள். விளம்பரத்தில் போட்டிருக்கும் எண்ணை நம்பாதே. வண்டி கைக்கு வந்ததும் டேப் பிடித்து, முன் பம்பரிலிருந்து பின்னால் மாட்டியிருக்கும் சைக்கிள் ஸ்டாண்டின் நுனி வரை அளந்து பார். உயரத்தையும், மேலே இருக்கும் ஏ.சி. பெட்டியோடு சேர்த்து, ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டு. க்ளேசியர் தேசியப் பூங்கா வரை போகலாமா என்று மாப்பிள்ளை கேட்டாராமே. அங்கே ‘கோயிங் டு தி சன்’ மலைச்சாலையின் நடுப்பகுதியில் பம்பரோடு சேர்த்து 21 அடிக்கு மேல் நீளமான வண்டியை விடவே மாட்டார்கள். இந்த வண்டியை வைத்துக்கொண்டு போனால் அந்தச் சாலைக்கு வேறு ஏற்பாடுதான் செய்ய வேண்டும்.

முன்பதிவே இல்லாத கேம்ப்கிரவுண்டுகளும் உண்டு, முதலில் வந்தவருக்கு முதலில். தேசிய வனங்களில் இப்படி நிறைய. இவற்றுக்குக் காலையிலேயே போக வேண்டும், பழைய ஆட்கள் காலி செய்யும் நேரம் அதுதான். நுழைவாயிலில் ஒரு தடித்த இரும்புக் குழாய் நட்டிருக்கும், அதன் பக்கத்தில் மரப்பெட்டியில் கவர்கள். முதலில் உள்ளே ஒரு சுற்று வந்து, காலியான சைட்டில் எதையாவது வைத்து இடம் பிடி. அப்புறம் கவரில் சைட் எண், வண்டி எண், எத்தனை ராத்திரி என்று எழுதி, பணத்தை உள்ளே வைத்து, ஓரத்தில் துளையிட்ட துண்டைக் கிழித்துக்கொண்டு, கவரை அந்தக் குழாயின் பிளவுக்குள் போட வேண்டும். கிழித்த துண்டை சைட் முன்னால் நிற்கும் கம்பத்தின் கிளிப்பில் மாட்டி வைத்தால் ரசீது அதுதான். ஆள் யாரும் நிற்க மாட்டார்கள். அட்டை வாங்க மிஷினும் இருக்காது. அதனால் ஒன்று, ஐந்து, பத்து டாலர் நோட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு வை. பிள்ளைகளையே அந்தக் கவரை எழுதச் சொல். யாரும் பார்க்காத இடத்தில் சரியான பணத்தை எண்ணிப் போடுவதை அவர்கள் தங்கள் கையால் செய்யட்டும்.

அறுபத்திரண்டு வயதானவர்களுக்கு ஆயுள் முழுக்கச் செல்லும் சீனியர் பாஸ் ஒன்று இருக்கிறது. 2017 ஆகஸ்டு வரை அது 10 டாலர், அப்புறம் 80 டாலர் ஆனது. கூட்டாட்சி அரசின் பல கேம்ப்கிரவுண்டுகளில் கட்டணம் பாதியாகிவிடும். உன் அம்மாவுக்கு அது கிடைக்காது. குடியுரிமையோ பச்சை அட்டையோ இருப்பவர்களுக்கு மட்டும்தான். என்னுடையதைக் கேட்காதே. பாஸ் வைத்திருப்பவர் கூடவே இருந்தால்தான் செல்லும், நான் இல்லாத இடத்தில் அதைக் காட்டுவது பொய் சொல்வதாகும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குப் பூங்கா நுழைவுக் கட்டண விதிகள் வேறாக இருக்கலாம். அம்மாவுக்காக அதையும் கிளம்பும் முன் பூங்காவின் தளத்தில் பார்த்துவிடு.

அடுத்து எழுதப் போவதைப் பத்திரமாக வைத்துக்கொள்.

எந்தக் கேம்ப்கிரவுண்டிலும் முதலில் விற்றுப்போவது ஆற்றங்கரை சைட்தான். படத்தைப் பார்த்தால் உனக்கும் அதுதான் பிடிக்கும். 2010 ஜூன் 11 அன்று, விடியும் முன்னால், ஆர்க்கன்ஸாவில் ஆல்பர்ட் பைக் என்ற வனத்துறை கேம்ப்கிரவுண்டில் லிட்டில் மிஸ்ஸூரி ஆறு சில மணி நேரத்தில் இருபதடிக்கு மேல் ஏறியது. 20 பேர் இறந்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் செல்ஃபோன் சிக்னல் கிடையாது. 2025 ஜூலை 4 அன்று உன் மாநிலத்திலேயே, குவாடலூப் ஆற்றில் வெள்ளம் வந்ததை நீ டி.வி.யில் பார்த்துக்கொண்டு எனக்கு ஃபோன் செய்தாய். அதுவும் விடியும் முன்தான். ஆற்றோரத்து ஆர்.வி. பார்க்குகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்களை வண்டியோடு இழுத்துக்கொண்டு போனது. மொத்தம் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள், அவற்றில் எத்தனை குழந்தைகள்.

இதைப் பற்றி உன் அம்மாவிடம் கேள். குற்றாலத்துப் பக்கம் வளர்ந்தவர்கள் நாங்கள். தலைக்கு மேலே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மலைக்கு மேலே எங்கோ மழை பெய்திருக்கும். அருவித் தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் சேர்ந்து விழ ஆரம்பித்தால் பெரியவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மேலேறிவிடுவார்கள். சோப்பு, துண்டு எதையும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்தப் பழக்கத்தை இங்கே விட்டுவிடாதே. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வறண்ட மணல் ஓடைகள் நிறைய, பார்க்கச் சமதளமாக, வண்டி நிறுத்தத் தோதாக இருக்கும். அவையெல்லாம் காட்டாற்றின் படுக்கைகள். நாற்பது மைல் தள்ளிப் பெய்த மழை அங்கே வந்து சேரும்.

அதனால் ஆற்றங்கரையில் பகலில் உட்கார், பிள்ளைகள் கல் எறிந்து விளையாடட்டும். படுக்க மேட்டில் இருக்கும் சைட்டை எடு. எங்கே போய் நின்றாலும் முதல் வேலையாக மூன்றைக் கேட்டு எழுது: இது எந்தக் கவுண்டி, புயல் வந்தால் எங்கே ஒதுங்குவது, தண்ணீர் வந்தால் எந்த வழியாக மேடேறுவது. இந்த நாட்டில் வானிலை எச்சரிக்கையைக் கவுண்டி பெயர் சொல்லித்தான் வாசிப்பார்கள். கவுண்டி பெயர் தெரியாதவருக்கு ரேடியோ அலறினாலும் தன்னைத்தான் சொல்கிறது என்று புரியாது. வானிலை ரேடியோ ஒன்று வாங்கு, ஃபோன் சிக்னல் இல்லாத இடத்திலும் பெரும்பாலும் எடுக்கும். பேட்டரி போட்டுத் தலைமாட்டில் வை.

கரண்ட் விஷயம் உன் அம்மாவுக்காகச் சொல்கிறேன். சின்ன வண்டிகளுக்கு 30 ஆம்பியர் இணைப்பு, பெரியவற்றுக்கு 50. 30 ஆம்பியர் என்றால் 120 வோல்ட்டில் மொத்தம் 3,600 வாட்தான். ஏ.சி. ஓடும்போதே 1,500 வாட் பக்கம் போய்விடும். அதன் மேல் இன்டக்‌ஷன் அடுப்பும் மைக்ரோவேவும் சேர்ந்தால் பிரேக்கர் விழும். சமைக்கும்போது ஏ.சி.யை நிறுத்து, அல்லது கேஸில் சமை. பழைய பார்க்குகளில் எல்லோரும் ஏ.சி. போடும் வெயில் நேரத்தில் வோல்டேஜ் இறங்கிவிடும், அது மோட்டாரைக் கெடுக்கும். கரண்ட் பெட்டிக்கும் வண்டிக்கும் நடுவில் மாட்டும் பாதுகாப்புக் கருவி இருக்கிறதா என்று வண்டியை வாடகைக்குக் கொடுப்பவரிடம் கேள்.

யெல்லோஸ்டோனுக்குள் கரண்ட், தண்ணீர், கழிவு இணைப்பு மூன்றும் இருக்கிற இடம் ஒன்றே ஒன்று, ஃபிஷிங் பிரிட்ஜ். அது ரெக்ரியேஷன் டாட் கவ்வில் வராது. பூங்காவுக்குள் விடுதிகள் நடத்தும் ஸான்டெரா நிறுவனத்திடம் பதிய வேண்டும். கிரிஸ்லி கரடிகள் நடமாடும் இடம் என்பதால் அங்கே துணிக் கூடாரத்துக்கு அனுமதி கிடையாது, கெட்டியான சுவர் உள்ள வண்டிகள் மட்டும்தான். அந்த ஒரு விதியைப் படித்தாலே நாம் யார் வீட்டில் போய்த் தங்குகிறோம் என்று தெரிந்துவிடும். சாம்பார், கருவாடு எதுவும் வெளியே வைத்துச் சமைக்க வேண்டாம். தட்டு கழுவிய தண்ணீரைக்கூட மரத்தடியில் ஊற்றக் கூடாது, வண்டியின் சிங்க்கிலேயே போகட்டும். பிள்ளைகளின் பிஸ்கட் பொட்டலம், பற்பசை, எல்லாம் வண்டிக்குள். கரடிக்கு ஒரு தடவை மனுஷச் சாப்பாட்டின் ருசி பிடித்துவிட்டால் அது திரும்பத் திரும்ப வரும். கடைசியில் அதைக் கொல்ல வேண்டிவரும். நாம் போட்டுவிட்டு வந்த ஒரு சோற்றுப் பொட்டலத்துக்கு அது உயிரைக் கொடுக்கும். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.

அங்கே கடல் மட்டத்திலிருந்து 7,700 அடி உயரம். தண்ணீர் 92 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக ரொம்ப நேரம் ஆகும். குக்கரை மறந்துவிடாதே. விறகையும் வீட்டிலிருந்து எடுத்துப் போகாதே, மரத்தைத் தின்னும் பூச்சிகள் விறகோடுதான் ஊர் விட்டு ஊர் போகின்றன. எரிக்கிற இடத்திலேயே வாங்கு.

கழிவுத் தொட்டியைப் பற்றி யாரும் சொல்லித் தர மாட்டார்கள், கூச்சப்படுவார்கள். வண்டிக்கு அடியில் இரண்டு தொட்டிகள். கழிப்பறையிலிருந்து வருவது ஒன்று, குளியலறை, சிங்க் தண்ணீர் மற்றது. கழிவை இறக்கும் டம்ப் ஸ்டேஷனில் கையுறை போட்டுக்கொண்டு, குழாயை இறுக்கமாகத் திருகி மாட்டி, கழிப்பறைத் தொட்டியை முதலில் திறக்க வேண்டும். அது முழுவதும் போன பிறகு சோப்புத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் குழாய் தானே அலசப்படும். கேம்ப்கிரவுண்டிலேயே கழிவு இணைப்பு இருந்தாலும் கழிப்பறைத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைத்திருக்கக் கூடாது, தண்ணீர் மட்டும் ஓடிப்போய் மீதி இறுகிவிடும். டம்ப் ஸ்டேஷனில் அலசுவதற்கென்று இருக்கும் குழாயில் குடிதண்ணீர் பிடிக்கவே கூடாது. முடிந்ததும் இடத்தைக் கழுவிவிட்டு வா. அடுத்து வருகிறவர் உன் முகத்தைப் பார்க்கப் போவதில்லை, ஆனாலும் கழுவு.

இந்த வேலையை மாப்பிள்ளை மட்டும் செய்ய வேண்டாம். ஒரு நாள் அவர், ஒரு நாள் நீ. பெரியவளைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல். “சீ” என்று அவள் மூக்கைப் பிடித்தால் கோபப்படாதே, உட்கார வைத்துச் சொல். நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக இந்த வேலையைச் சில சாதிகளின் தலையில் கட்டினோம், செய்தவர்களைத் தொடாமல் தள்ளி வைத்தோம். மனிதக் கழிவை மனிதன் கையால் அள்ளக் கூடாது என்று 2013இல் சட்டம் போட்ட பிறகும் கழிவுநீர்க் குழிகளில் ஆட்கள் செத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். உன் தாத்தா வீட்டுக் கொல்லைப்புறத்துக்கு வந்துபோன அந்த அம்மாவின் பெயரை நாங்கள் யாரும் கேட்டதில்லை. நம் வீட்டுக் கழிவை நாமே கொண்டுபோய்ச் சேர்க்கிற இந்தப் பயணத்தில் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லாமல் வேறெப்போது சொல்லப் போகிறாய்?

நம் நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த நாட்டில் வழியில் தங்க இடம் கிடைப்பது எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்ததில்லை. கறுப்பின மக்கள் எந்த ஊரில் தங்கலாம், எங்கே சாப்பிடலாம், எங்கே பெட்ரோல் போடலாம் என்று சொல்லும் ‘கிரீன் புக்’ என்ற கையேட்டை விக்டர் ஹ்யூகோ கிரீன் என்ற நியூயார்க் தபால்காரர் 1936இல் தொடங்கினார், அறுபதுகள் வரை அது வந்தது. ஷெனன்டோவா தேசியப் பூங்காவில் லூயிஸ் மவுன்டன் என்ற கேம்ப்கிரவுண்ட் 1939இல் திறந்தபோது, கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய இடமாகத்தான் திறந்தது. நாம் அதற்கெல்லாம் பிறகு வந்தவர்கள். இன்றைக்கு உன் பிள்ளைகள் எந்தப் பூங்காவிலும் ஓடியாடுகிறார்கள் என்றால், அதற்காகப் போராடியவர்கள் யார் என்று தெரிந்துகொண்டு ஓடட்டும்.

எங்கள் அனுபவத்தில் பெரும்பாலும் அன்பைத்தான் பார்த்தோம். போய் நின்றதும் நீயே முதலில் கையசை, வணக்கம் சொல். கேம்ப் ஹோஸ்ட் என்று ஒருவர் இருப்பார். பெரும்பாலும் ஓய்வு பெற்ற கணவன் மனைவி, சம்பளம் வாங்காமல் தங்கும் இடத்துக்காகத் தொண்டு செய்கிறவர்கள். அவர்களிடம் பத்து நிமிஷம் பேசு. எந்த சைட்டில் மதியத்துக்கு மேல் நிழல் வரும், எந்தக் கழிப்பறையில் வெந்நீர் வரும், அடுத்த ஊரில் எந்த இடத்துக்குப் போகவே கூடாது என்பதெல்லாம் அவர்கள் வாயிலிருந்துதான் வரும். ஃபோன் ஆப்களில் ஐந்து நட்சத்திரம் போட்டவர் ஏப்ரலில் வந்து போனவராக இருப்பார், நீ ஜூலையில் போகிறாய். பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பதையும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடு.

ஆனால் ஓர் இடத்தில் இறங்கியதும் மனசு ஒப்பவில்லை என்றால், காரணம் தேடிக்கொண்டு நிற்காதே. பக்கத்து ஆளின் பார்வை, குடித்துவிட்டுச் சத்தம் போடும் கூட்டம், எதுவாக இருந்தாலும் சரி. கட்டின பணம் போகட்டும், கிளம்பிவிடு. பெண்களுக்கு வயிற்றில் ஒரு கலக்கம் வரும் பார், அதை யாரிடமும் நிரூபிக்க வேண்டியதில்லை. இதற்காகத்தான் வெளிச்சம் இருக்கும்போதே போ என்கிறேன். இதற்காகத்தான் ஒவ்வோர் இரவுக்கும் ஐம்பது மைலுக்குள் இரண்டாவது இடம் ஒன்றை எழுதி வை என்கிறேன். வண்டியின் முகம் எப்போதும் வெளியே போகும் வழியைப் பார்த்து நிற்கட்டும். டேங்கில் அரைக்குக் கீழே பெட்ரோல் இறங்க விடாதே.

அந்த இரண்டாவது இடம் அழகாக இருக்க வேண்டியதில்லை. லாரிக்காரர்கள் நிறுத்தும் டிரக் ஸ்டாப், வால்மார்ட் கார் நிறுத்துமிடம் எதுவானாலும் ஒரு ராத்திரிக்குப் போதும். வால்மார்ட்டில் எல்லாக் கிளையும் விடுவதில்லை. சில ஊர்களில் நகராட்சியே தடை போட்டிருக்கும். உள்ளே போய் மேலாளரிடம் கேட்டுவிட்டு நிறுத்து, நாற்காலி விரிக்காதே, அடுப்பு மூட்டாதே, காலையில் கிளம்பிவிடு. பி.எல்.எம். என்ற நில மேலாண்மைத் துறையின் பொது நிலங்களில் பொதுவாக 14 நாள் வரை இலவசமாகத் தங்கலாம். அரிஸோனாவின் குவார்ட்ஸைட் பக்கத்தில் குளிர்காலம் முழுவதும் ஆயிரக்கணக்கான வண்டிகள் பாலைவனத்தில் நிற்பதைப் பார்த்தால் அசந்துபோவாய். அங்கே செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை பருவம், அதற்குத் தனிக் கட்டணம். எனக்கு அந்த வானம் ரொம்பப் பிடிக்கும். ஆனால் தண்ணீர், கரண்ட், ஆள் அரவம் எதுவும் இல்லாத இடத்துக்கு முதல் பயணத்தில், வயதான அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு போக வேண்டாம். அது அடுத்த வருஷத்துக்கு.

இப்போது செய்ய வேண்டியது: அந்த 550 மைல் நாட்களை இரண்டாகப் பிரி. வழியில் புவெப்லோ வந்ததும் இரண்டு ராத்திரி எங்கள் வீட்டு முன்னாலேயே நிறுத்திக்கொள்ளுங்கள், கரண்ட் கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டார் பெரியப்பா. ஃபிஷிங் பிரிட்ஜில் ரத்தாகும் இடத்துக்கு நானும் காலையில் பார்க்கிறேன், நீயும் பார், கிடைத்தவர் உடனே பதிந்துவிட்டு மற்றவருக்குச் சொல்வோம். அதற்கு வண்டியின் நீளம் எனக்குத் தெரிய வேண்டும். வாடகைக்குக் கொடுப்பவரிடம் சைக்கிள் ஸ்டாண்டோடு சேர்த்துக் கேட்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. அம்மாவின் மாத்திரைப் பட்டியலையும் சேர்த்தே அனுப்பிவிடு.

பெரியம்மா